சந்தியாகு திருகிய ரெகுலேட்டர்

விளக்கு, ஃபேன், சாப்பாடு எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் பொருத்திய வீடே தானாகத் தீர்மானிக்கத் தொடங்கியதிலிருந்து, பாவம், சந்தியாகு சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். சோறும் இறங்கவில்லை.

"ஃபேன்கூட என் பேச்சைக் கேக்கல. நான் எதுக்கு எந்திரிக்கணும்?"

பயந்துபோன மனைவி மரியபுஷ்பம் மெக்கானிக்கை வரவழைத்தாள். அவன் சுவரில் ஒரு ரெகுலேட்டரை மாட்டிவிட்டு, அதில் எந்தக் கம்பியும் சேரவில்லை என்று அவளிடம் மட்டும் கிசுகிசுத்தான்.

சந்தியாகு எழுந்து திருகினார். ஃபேன் பாட்டுக்கு அதே வேகத்தில் சுற்றியது.

"இப்பத்தான் காத்தே வருது! நான் இல்லன்னா இந்த வீட்டுல என்ன நடக்கும்?"

மூன்று தோசை உள்ளே போனது. வீடு அரைத்த சட்னிக்கு மனைவியை அதட்டும் தெம்பும் வந்துவிட்டது.

கிளம்பப்போன மெக்கானிக்கை மரியபுஷ்பம் நிறுத்தினாள். "தம்பி, எனக்கும் ஒண்ணு மாட்டுப்பா. இவர் சத்தத்தைக் குறைக்க."

"அக்கா, அதுவும் எதோடயும் சேராதே!"

"தெரியும்பா. நானும் திருகிக்கிட்டாவது இருக்கேன்."