‘டாக்டர்’ என்ற அச்செழுத்து

ஆஸ்பத்திரி ஆராய்ச்சிப் பிரிவின் மேசைக் கண்ணாடியில் காலை வெயில் பட்டுக் கண் கூசுகிறது. வெளியே தாம்பரம் ரயில் ஒன்று தடதடத்துப் போகிறது. பிரசவ வார்டு நர்ஸ் ஜெரூஷா கொடுத்த ஆய்வு விண்ணப்பத்தை எழுத்தர் அனந்தகிருஷ்ணன் திருப்பி நீட்டுகிறார். “தலைமை ஆய்வாளர்ங்கற எடத்துல உங்க பேரை எழுதிட்டீங்க, சிஸ்டர்.” “ஆராய்ச்சி என்னோடது சார்.” பிரசவ வலி எடுத்ததும் நடந்த பெண்கள், படுத்தே இருந்த பெண்கள் என்று பிரித்து இரண்டு வருடம் அவள் குறித்த நோட்டு, பெட்டாடின் மருந்துக் கறையோடு அக்குள் இடுக்கில் இருக்கிறது. “ஃபார்ம்ல பேருக்கு முன்னாடி டாக்டர்னுதானே பிரிண்ட் ஆயிருக்கு?” என்கிறார் அவர். “அப்ப ஃபார்ம்தான் தப்பு.” பேனாவைத் திறக்கிறாள். நோயாளியின் கேஸ் ஷீட்டில் பிழை திருத்தும் முறைப்படியே, ‘டாக்டர்’ மேல் ஒரே ஒரு கோடு போடுகிறாள். மேலே ‘நர்ஸ்’ என்று எழுதுகிறாள். பக்கத்தில் கையெழுத்து, தேதி, நேரம்: 9.40.