அசையாத முள்

"பம்ப் போடத் தெரியாதவங்க எல்லாம் கடை திறந்தா இப்படித்தாண்ணே ஆகும். நீங்க ஒரு வரி எழுதிக் கொடுங்க, போதும்."

டிரக்காரர் வெள்ளைத்தாளை நீட்டினார். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டார். அவர் கடைத் துணிக்கென்று ஓர் அடையாளம் உண்டு. நூல் பிரிந்து இன்ஜினுக்குள் போய்விடக் கூடாதே என்று அவர் மனைவி சிவப்பு நூலில் ஓரம் தைத்துக் கொடுப்பார்.

"என்னன்னு எழுதணும்?"

"எதிர்க்கடை அம்மாவுக்கு வேலை தெரியலைன்னுதான். எங்க கிளப்புல இருபது டிரக் இருக்கு. எல்லாத்தையும் இனிமே அவங்ககிட்ட விடறதா பேசி முடிச்சிட்டோம். உங்க எழுத்தைக் காட்டினா அது நின்னுடும். அப்புறம் இருபதும் உங்க வாசல்லதான்."

மெக்கானிக்குக் கசக்குமா என்ன? ஆறு மாதமாக எதிர்க்கடையைப் பார்த்து வயிறெரிந்துகொண்டிருப்பவர். ஆனால் மனிதருக்கு ஒரு பழக்கம். கோளாறு என்னவென்று தெரியாமல் பேனாவைத் தொட மாட்டார்.

"வண்டிக்கு என்ன?"

"நாலு வருஷம் முன்னாடி பெட்ரோல் டேங்கைத் திறந்து சுத்தம் பண்ணி, சூப்பர்சார்ஜர் மாட்டிக் கொடுத்தது நீங்கதானே. அது காத்தை அமுக்கி உள்ள தள்ளுது. அதுக்கு ஈடா பெட்ரோல் பத்தலைன்னு போன வாரம் அவங்ககிட்ட ரெண்டு பெரிய பம்ப் போட்டேன். சும்மா நின்னா பிரஷர் அறுபது. ஏத்தத்துல ஓங்கி மிதிச்சா முப்பதுக்கு விழுந்து, வண்டி இருமிச்சு."

"வா தம்பி, பார்த்துடுவோம்."

பிரஷர் மீட்டரை முன் கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டி, டிரக்கை ஏற்றத்தில் விட்டார்கள். மிதித்தார்கள். முள் அறுபதை விட்டு இறங்கவில்லை. மூன்று தடவை ஏறியும் அப்படியே நின்றது.

"நல்லாத்தானே இருக்கு?"

"நேத்து சரி பண்ணிட்டாங்க. 'என் கவனக்குறைவு, மன்னிச்சிடுங்க'ன்னாங்க. என்ன தப்புன்னு கேட்டா வாயே திறக்கலை. அவங்களே ஒத்துக்கிட்டாங்க. எழுதறதுக்கு என்னண்ணே யோசனை?"

ஒத்துக்கொண்டதுதான் இடித்தது. ஒயர் லூஸ் என்றால் லூஸ் என்று சொல்லிவிட்டுப் போகலாமே? ஃபில்டர் அடைப்பு என்றால் அதில் என்ன வெட்கம்? நின்றால் சரியாக இருந்து, மிதித்தால் மட்டும் மூச்சு முட்டுகிற கோளாறு எது? மெக்கானிக்குக்கு மண்டை குடைந்தது.

"இங்கேயே இரு. வந்துடறேன்."

தெருவைத் தாண்டினார். இந்த ஆறு மாதத்தில் அவர் அந்தப் படி ஏறுவது இதுதான் முதல் தடவை.

ஒரு வண்டிக்கு அடியிலிருந்து அந்த அம்மா வெளியே வந்தார். "வாங்கண்ணே."

"ஏம்மா, அந்த டிரக்ல அப்படி என்ன தப்பு பண்ணினீங்க? தெரியாம எனக்கு வேலை ஓடாது."

டிரக்காரர் பின்னால் வருகிறாரா என்று அந்த அம்மா எட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு துணியை எடுத்துக் கொடுத்தார். துவைத்து நாலாக மடித்திருந்தது.

"டேங்குக்குள்ள கிடந்துச்சுண்ணே. பழைய பம்ப்புக்கு இதை இழுக்கற பலம் இல்லை. புதுசு ரெண்டும் சேர்ந்து உறிஞ்சினதும் வந்து வாயை அடைச்சிக்கிச்சு. மிதியை விட்டா விலகிடும். பம்ப் மாத்தறப்ப நானும் மூலையில பார்க்காம விட்டுட்டேன், அதனால பொய் ஒண்ணும் சொல்லலை."

துணியின் ஓரத்தில் சாயம் போன சிவப்புத் தையல்.

மெக்கானிக்கால் அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. "அவர்கிட்ட காட்டியிருக்கலாமேம்மா?"

"இத்தனை வருஷமா உங்களை நம்பி வர்ற மனுஷன். நாளைக்கு நானும் எதையாவது மறப்பேண்ணே."

மெக்கானிக் துணியோடு திரும்பி வந்தபோது டிரக்காரர் பேனா மூடியைக் கழற்றித் தயாராக வைத்திருந்தார்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா? எழுதுங்கண்ணே, எழுதுங்க!"

மெக்கானிக் உட்கார்ந்து, நிதானமாக எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

'பம்ப் போட்டதில் குறையில்லை. நாலு வருடத்துக்கு முன் டேங்கில் துணியை மறந்தவன் நான். இருபது வண்டிகளையும் எதிர்க்கடையிலேயே விடலாம். என் வண்டியையும் இனி அங்கேதான் விடுவேன்.'