ஆறுக்கு அடுத்தது

“சொல்லித் தொலையேன்!” வினீதாவுக்குப் பொறுமை போய்விட்டது.

சமஸ்கிருத எண்கள் தேய்ந்து தேய்ந்து போஜ்புரியில் வந்து நின்ற கதைதான் அவளுடைய ஆராய்ச்சி. ஊர்க்காரர்கள் எண்ணுவதைப் பதிவு செய்ய பாட்னாவிலிருந்து டேப் ரெக்கார்டரோடு வந்திருந்தாள்.

பூல்மதி மறுபடி ஆரம்பித்தாள். “ஏக், து, தீன், சார், பாஞ்ச், சவ்... அதுக்கு அடுத்தது, ஆட், நௌ, தஸ்.”

“அந்த அடுத்ததுதான் எனக்கு வேணும். அந்தக் காலத்துல ‘சப்த’. இப்ப உன் வாயில என்ன?”

கயிற்றுக் கட்டிலில் கிடந்த மாமியார் சிரித்தாள். பார்வை போன கிழவி.

“அவ வாயில வராது மகளே. புருஷன் பேராச்சே! என் பையனுக்கு முன்னாடி பொறந்த எதுவும் தங்கலை. எமனை ஏமாத்த, இவனை மருத்துவச்சிக்கு ஏழு சோழிக்கு வித்தேன். அதான் சாத்கௌடின்னு பேரு. பொண்டாட்டி சொன்னா அவன் ஆயுசு குறையாதா?”

“அவர் எங்கே?”

“சூரத்துல கட்டட வேலை. போன சட் பூஜைக்கு லீவு கிடைக்கலையாம். இந்த வருஷம் வந்துடுவான்.”

வினீதா பூல்மதியை ஏற இறங்கப் பார்த்தாள். கை நிறையக் கண்ணாடி வளையல். வகிட்டில் துளி செந்தூரம் இல்லை. செந்தூரம் வைக்கச் சோம்பல், ஒரு எண்ணைச் சொல்ல மட்டும் பயமா?

“பள்ளிக்கூடம் போனவதானே நீ? வெட்கமா இல்லை?”

வினீதா எரிச்சலோடு எழுந்துகொண்டாள்.

கரும்புக்கொல்லை வரை வழிகாட்ட வந்தாள் பூல்மதி. அங்கே நின்று, வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“டேப்பைப் போடுங்க தீதி.”

வினீதா பொத்தானை அமுக்கினாள்.

“சாத்,” என்றாள் பூல்மதி. “சாத். சாத். போதுமா?”

“இப்ப மட்டும் அவர் ஆயுசு குறையாதாக்கும்?”

“குறையறதுக்கு ஏது தீதி? போன வருஷம் ஹோலிக்கு முன்னாடியே சாரத்திலேர்ந்து விழுந்துட்டார். ஊருக்கே தெரியும்.”

“உன் மாமியாருக்கு?”

பூல்மதி வளையல்களை மறுபடி மாட்டிக்கொண்டாள். கையை உதறி, சத்தம் வருகிறதா என்று பார்த்தாள்.

“அவங்களுக்குக் கண்ணுதான் தெரியாது தீதி. காது நல்லாக் கேக்கும்.”