எட்டில் ஐந்து

விசாரணை மேஜை அக்கா புகார்க் கடிதத்தில் கையெழுத்துப் போட்டபோது மணி மூன்று.

நூலக வாசலில் பைகளை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுக்கும் பெண்ணைப் பற்றிய புகார். ஒன்று, எந்நேரமும் கைப்பேசியும் கையுமாக இருக்கிறாள். இரண்டு, டோக்கன் சீட்டுகளை மடித்தும் கிழித்தும் பாழாக்குகிறாள். கூட்டிப் பெருக்குபவர் தினமும் ஒரு கூடை அள்ளிக் கொட்டுகிறார்.

இப்போதுகூடப் பாருங்கள், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியவர் பையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். மகாராணி தலை நிமிரவில்லை.

நாலு மணிக்கு நூலகர் வந்ததும் கையில் கொடுத்துவிட வேண்டியதுதான். வேலை போனால் போகட்டும்.

ஆனால் அக்காவின் மனசு கடிதத்தில் இல்லை. கணினித் திரையில் இருந்தது.

நூலகத்தின் இணையதளத்தில் 'இயந்திர உதவியாளர்' என்று ஒரு பெட்டி. எந்தச் சந்தேகத்தையும் எழுதிக் கேட்கலாம். வந்த முதல் வாரமே அந்த இயந்திரம், திறக்கும் நேரம் கேட்ட ஒருவருக்கு முதலையின் ஆயுட்காலத்தைச் சொல்லித் தொலைத்தது. சரிசெய்து தரும்வரை பதில்களை அக்காவே தட்டட்டும், பெட்டியின் பெயர் மட்டும் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார் நூலகர்.

உழைப்பது இவள். 'நன்றி மெஷின்' என்று எழுதிவிட்டுப் போவார்கள் வாசகர்கள். அக்காவுக்கு வயிறு எரியாதா?

அப்படி ஒரு நாளில்தான் அந்த ஆள் வந்தது. பெயர் கிடையாது. திரையில் 'வாசகர் 212' என்று மட்டும்.

"நீ மெஷின்தானே? மனுஷங்கன்னா கேக்க மாட்டேன். வெக்கமா இருக்கு."

அக்கா கொஞ்சம் யோசித்தாள். பிறகு, "மெஷின்தான்" என்று தட்டினாள்.

"எட்டுல அஞ்சு பெருசா, நாலுல மூணு பெருசா?"

அந்த ஆள் படிப்பது இணைய வழியில் எலக்ட்ரீஷியன் படிப்பு. கம்பியின் தடிமன் தொடங்கி எல்லாமே கணக்கு. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட ஆள். தேர்வில் இரண்டு தடவை தோற்றாகிவிட்டது. மூன்றாவதுதான் கடைசி. அதுவும் போனால் பட்டறைப் பயிற்சிக்கு இடம் கிடையாது.

"ஒரே அளவுல ரெண்டு தாள் எடு. ஒண்ணை எட்டா மடிச்சு அஞ்சு பங்கைக் கிழி. இன்னொண்ணை நாலா மடிச்சு மூணு பங்கைக் கிழி. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாரு."

பத்து நிமிஷம் கழித்து, "அட, ஆமா! முக்கால்தான் பெருசு!" என்று வந்தது. அக்காவுக்கு அன்று முழுக்கச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஆறு வாரம் ஓடிவிட்டது. ஒரே கேள்வி ஏழு தடவை வந்தாலும் அக்கா சலித்துக்கொள்ளவில்லை. வீட்டில் பெற்ற பிள்ளை இரண்டாம் தடவை கேட்டாலே எரிந்து விழுகிறவள். மெஷின் கோபப்படக் கூடாதே! நடிக்கப் போய் நிஜமாகவே பொறுமை வந்துவிட்டது.

இன்று மூன்று மணிக்குத் தேர்வு. இணையத்திலேயே முக்கால் மணி நேரம், முடித்த உடனே மதிப்பெண் வந்துவிடும்.

"போயிட்டு வரேன்" என்று எழுதியிருந்தது. "பதறாம எழுது. வேணும்னா மடிச்சுப் பார்த்துக்கோ" என்று அக்கா பதில் போட்டிருந்தாள்.

மூன்றரைக்கு மென்பொருள்காரர் வந்து நின்றார். இயந்திரம் சரியாகிவிட்டதாம். ரெண்டே நிமிஷத்தில் மாற்றிவிடுவாராம்.

மாற்றிவிட்டால் பழைய உரையாடல் எல்லாம் அழிந்துபோகும். ஊரும் தெரியாது, பேரும் தெரியாது. பாஸா பெயிலா என்பது ஜென்மத்துக்கும் தெரியாமலே போய்விடும்.

"கொஞ்சம் இருங்க தம்பி. ஒருத்தங்க பரீட்சை எழுதிட்டிருக்காங்க."

அவர் திருதிருவென்று விழித்தார். ஆனாலும் உட்கார்ந்துவிட்டார், பாவம்.

மூன்றே முக்கால். ஒன்றும் வரவில்லை. அக்கா நகத்தைக் கடித்தாள். ஐம்பது வயதில் நகம் கடிப்பது அவளுக்கே கூச்சமாக இருந்தது.

திரையில் எழுத்து வந்தது.

"பாஸ். நூத்துக்கு எழுபத்தொண்ணு."

"அய்யோ, எனக்கு அழுகையா வருதே!" என்று தட்டிவிட்டாள். தட்டிய பிறகுதான் உறைத்தது. எந்த ஊர் மெஷின் அழும்?

"அழாதீங்க அக்கா."

அக்கா அதைத் திரும்பப் படிப்பதற்குள் அடுத்தது வந்தது.

"மொத வாரமே எனக்குத் தெரியும். பதினொன்னேகாலுக்கு நீங்க டீ குடிக்க எழுந்தா மெஷினும் பேச்சை நிறுத்திடுது. நீங்க திரும்பி வந்து கண்ணாடியை மாட்டினதும் பதில் வருது. மெஷின்னு நீங்க சொன்னீங்க. எனக்கும் அதுதான் வசதியா இருந்துச்சு. இனிமே வெக்கம் இல்ல. அடுத்த படிப்புக்கு நேர்லயே வந்து கேக்கட்டுமா?"

அக்கா மெல்லத் தலையைத் தூக்கினாள்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மகாராணி எழுந்து நின்றிருந்தாள். கைப்பேசியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் மேஜை முழுக்க மடித்துக் கிழித்த டோக்கன் சீட்டுகள்.

அக்கா ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

பிறகு கடிதத்தை எடுத்தாள். இரண்டாக மடித்தாள். நான்காக மடித்தாள். எட்டாக மடித்தாள். மடிப்பு மடிப்பாகக் கிழித்துக் கூடையில் போட்டபோது நூலகர் உள்ளே நுழைந்தார்.

"வாசல்ல இருக்கிற பொண்ணப் பத்தி ஏதோ புகார்னு சொன்னீங்களே, என்னம்மா அது?"

"ஆமா சார். டோக்கன் சீட்டு பத்தலையாம். இன்னும் ரெண்டு கட்டு வேணும்."