ஏணியைக் கண்டால் வேர்க்கும்

"காவியத்துல வர்ற வீரன் கடலைத் தாண்டினான், மலையைத் தூக்கினான். எவனாவது டூப் வெச்சானா சார்?"

ஸ்டண்ட் மாஸ்டர் கேட்டதும் படப்பிடிப்புத் தளமே சிரித்தது. பறக்கும் வீரனாக நடிக்கும் ஹீரோவும் சேர்ந்தே சிரித்தார். ஏணியைக் கண்டாலே அவருக்கு வேர்க்கும் என்பது ஊரறிந்த விஷயம்.

"எனக்கென்ன கவலை? உங்க மாப்பிள்ளை இருக்காரே மாஸ்டர்!"

ஹீரோவுக்கு டூப் போடுவது மாஸ்டரின் மாப்பிள்ளைதான். போன வாரம் குதித்தபோது அவருக்குக் கால் பிசகிவிட்டது. 'இன்னிக்கும் சொதப்பினா வேற ஆளைப் போட்டுடுவேன்' என்று டைரக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். மகளோ நிறைமாதமாக இருந்தாள். மாஸ்டரின் வாய் கேலி பேசினாலும் கண் மாப்பிள்ளையின் காலுக்கே போய்க்கொண்டிருந்தது.

"கால் எப்படி இருக்கு மாப்ளே?"

"அது எப்பவோ சரியாயிடுச்சு மாமா."

உடை மாற்ற ஹீரோவும் மாப்பிள்ளையும் வேனுக்குள் போனார்கள். ஒரே உயரம், ஒரே உடல்வாகு. வெளியே வந்தபோது இருவருக்கும் தலையிலிருந்து கால்வரை கறுப்பு உடை, முகத்தை முழுக்க மூடிய முகமூடி. ஒருவர் வேன் வாசலிலேயே குடைக்குக் கீழே போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். மற்றவர் போய் ஏணியைப் பிடித்தார்.

ஏறியவர் படிக்குப் படி நின்றார்.

"ஏன் மாஸ்டர் இவ்ளோ நேரம்?" என்று டைரக்டர் சிடுசிடுத்தார்.

"ஒவ்வொரு படியையும் சோதிச்சுப் பாத்துத்தான் ஏறுவாரு சார் எங்க மாப்பிள்ளை. அது தொழில் சுத்தம்!" என்று விட்டுக்கொடுக்காமல் சொன்ன மாஸ்டர், நாற்காலிப் பக்கம் திரும்பினார். "குதிக்கப்போறது அவரு. நீங்க எதுக்கு ஹீரோ சார் உக்காந்த இடத்துல நெளியறீங்க?"

நாற்காலியில் இருந்தவர் கட்டைவிரலை மட்டும் உயர்த்திக் காட்டினார்.

"ஆக்‌ஷன்!"

மூன்றாவது மாடி விளிம்பிலிருந்து அந்தக் கறுப்பு உருவம் கைகளை விரித்துப் பாய்ந்தது. கீழே இருந்த காற்று மெத்தையின் நட்டநடுவில் வந்து விழுந்தது.

"பிரமாதம்! மாஸ்டர், இனிமே படம் முழுக்க உங்க மாப்பிள்ளைதான்!" என்று டைரக்டர் கத்தினார்.

மாஸ்டருக்குக் கண் நிறைந்துவிட்டது. ஓடிப்போய் மெத்தைமேல் ஏறிக் கட்டிக்கொண்டார். "மானத்தைக் காப்பாத்திட்டீங்க மாப்ளே!"

அந்த உடம்பு வெடவெடவென்று நடுங்கியது.

"மெதுவாப் பேசுங்க மாஸ்டர், டைரக்டர் காதுல விழுந்துடப்போகுது," என்றது முகமூடிக்குள்ளிருந்து ஹீரோவின் குரல். "மாப்பிள்ளைக்குக் கால் இன்னும் வீங்கித்தான் இருக்கு, உங்ககிட்டயும் மறைச்சிருக்காரு. அதான் அவரை நாற்காலியில உக்கார வெச்சுட்டு, இன்னிக்கு அவருக்கு நான் டூப் போட்டேன்."