அட்டையில் உள்ள வயது

ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு ஃப்ளூ காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தார்கள். வாட்ச்மேன் சவரிராயன் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தார். நர்ஸ் தமயந்தியின் மேஜையில் இரண்டு பெட்டிகள். ஒன்றில் எல்லோருக்குமான ஊசி. மற்றதில் அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான, வீரியம் கூடிய ஊசி.

"வயசு என்னண்ணே?"

"அறுபத்திமூணு."

"உங்க மூத்த பொண்ணுக்கே ஐம்பது ஆச்சு. பதிமூணு வயசுலயே அப்பாவாயிட்டீங்களா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரிப்பு இருமலாகி நிற்க வெகுநேரம் ஆனது.

அவருக்கு எழுபத்தொன்று. முதன்முதலில் வாக்காளர் அட்டை எழுத வந்தவன் ஆளைப் பார்த்துத் தோராயமாகப் போட்ட வயதுதான் அவருக்கு இன்னும் சோறு போடுகிறது. அறுபத்தைந்து தாண்டினால், ஆஸ்பத்திரிக்குக் காவலாட்களை அனுப்பும் கம்பெனி அவரை வீட்டுக்கு அனுப்பிவிடும். போன மழைக்காலத்தில் இதே காய்ச்சலில் பத்தொன்பது நாள் ஆக்ஸிஜனில் கிடந்தார். அடுத்த கட்டிலில் கிடந்த மனைவி வீடு திரும்பவில்லை.

தமயந்தி குனிந்து மெதுவாகச் சொன்னாள். "உண்மையச் சொல்லுங்கண்ணே. உங்க நெஞ்சுக்கு இந்தச் சாதா ஊசி பத்தாது."

பக்கத்தில் கம்பெனி சூப்பர்வைசர் பட்டியலோடு நின்றிருந்தார்.

"அறுபத்திமூணுதாம்மா. எழுதிக்க."

அவள் முதல் பெட்டியைத் திறந்தாள்.

ஊசி போட்டு முடிந்ததும் சூப்பர்வைசர் அவர் பெயருக்கு எதிரே டிக் அடித்தார். "நாளையிலேருந்து காய்ச்சல் வார்டு வாசல்ல நில்லுங்க. அறுபத்தஞ்சு தாண்டினவங்கள அங்க போடக் கூடாதுன்னு ஆர்டர். உங்களுக்கு அறுபத்திமூணுதானே."

சவரிராயன் கையிலிருந்த பஞ்சை விட்டுவிட்டு எழுந்து சல்யூட் அடித்தார்.