குறட்டை வழக்கு

"உறக்கமும் நீதியும் ஒன்றுதான். மறுக்கப்பட்டால் மனிதன் மனிதனாக இருக்க மாட்டான்" என்று தீவிர சிகிச்சைப் பிரிவின் கூரையைப் பார்த்து அறிவித்தார் ஓய்வுபெற்ற நீதிபதி.

"சரிங்க சார், இடது கையை நீட்டுங்க" என்றாள் நர்ஸ், ஊசியோடு.

இதய அறுவைச் சிகிச்சை பிரமாதமாக முடிந்திருந்தது. தூக்கம்தான் வருவேனா என்றது. கையில் கட்டிய ரத்த அழுத்தப் பட்டை, சரியாகக் கண் செருகும் நேரம் பார்த்துத் தானாக உப்பி இறுக்கியது. தலைமாட்டுக் கருவி காரணத்தோடும் கூவியது, காரணமில்லாமலும் கூவியது. ஜன்னல் இல்லாத அந்த அறையில் காலையா மாலையா என்பதைக்கூட நர்ஸிடம் மனுப் போட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அன்று அவர் சலைன் பாட்டில் தொங்கிய கம்பியைத் தம் பழைய கோர்ட் சேவகன் என்று நினைத்து, அடுத்த வழக்கைக் கூப்பிடச் சொல்லி அதட்டினார். கம்பி கூப்பிடவில்லை. டாக்டர்தான் ஓடி வந்தார்.

"தூக்கம் கெட்டா இப்படித்தான் புத்தி தடுமாறும். ஒரு தடவை அசந்து தூங்கிட்டாருன்னா தெளிஞ்சிடுவார், வார்டுக்கு மாத்திடலாம். அதுவரைக்கும் இங்கேதான்" என்று மனைவியிடமும், வெளியூரிலிருந்து வந்திருந்த மகளிடமும் சொன்னார். அது நீதிபதியின் காதிலும் விழுந்தது. ஊருக்கே தீர்ப்புச் சொன்ன புத்தி, கம்பியோடு பேசியே காலத்தைக் கழிக்கப் போகிறதா?

கண்ணைத் துணியால் கட்டிப் பார்த்தார்கள். நீதிதேவதைக்குப் பொருந்துவது இவருக்குப் பொருந்தவில்லை, மூக்கு அரித்தது. காதில் பஞ்சு வைத்தார்கள். யாரோ தம்மைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று பிடுங்கிப் போட்டார்.

வீட்டில் கேட்டுப் பழகின சத்தம் ஏதாவது இருந்தால் உடம்பு ஏமாந்து தூங்கிவிடும் என்றாள் நர்ஸ். மகள் கைபேசியில் வீணை வைத்தாள். தாளம் பிசகுகிறது என்றார். மழை வைத்தாள், கூரை ஒழுகுகிற மாதிரி இருக்கிறது என்றார். மேலும் துழாவியபோதுதான் குடும்பக் குழுவில் அந்தப் பழைய ஒலிப்பதிவு அகப்பட்டது.

மனைவியின் குறட்டை தம் உறக்கத்தைப் பறிக்கிறது என்பது நீதிபதியின் நெடுநாள் புகார். அவள் மறுத்தாள். விசாரணை முடியும்வரை பக்கத்து அறையில் படுக்கும்படி இடைக்கால உத்தரவு போட்டார். அப்படியும் சுவரைத் துளைத்துக்கொண்டு வருகிறது என்று, ஓர் இரவு கைபேசியைத் தம் தலைமாட்டில் வைத்துப் பதிவு செய்து, விடிந்ததும் சாட்சியமாகக் குழுவில் போட்டார். மனைவி தன் தங்கை வீட்டில் பிறந்திருந்த புதுக் குழந்தையை மடியில் ஏந்திய படத்துக்கும், அதைத் தொடர்ந்த வாழ்த்து மழைக்கும் கீழே அது போய் உட்கார்ந்தது. மற்றவர்கள் போடுவதைப் பார்க்கும் வழக்கம் நீதிபதிக்கு இல்லை. தாம் போடுவதோடு சரி.

சொந்தபந்தமெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தது. அவள் மட்டும் வாயே திறக்கவில்லை. அதையே ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டு, பக்கத்து அறையை ஆயுள் தண்டனையாக்கினார். அதன் பிறகு அவள் முகம் தெளிந்தது, கண்ணுக்குக் கீழிருந்த கருப்பும் மறைந்தது. தண்டனை என்பது ஆளைத் திருத்துவதற்கே என்று நண்பர்களிடம் அவளையே உதாரணம் காட்டுவார்.

"அதைப் போடும்மா. நான் பட்ட பாடு இந்த சிஸ்டருக்கும் தெரியட்டும்" என்றார் இப்போது.

மகள் போட்டாள். ஈர மரத்தை அறுப்பது போல ஆரம்பித்து, நடுவில் நின்று, பிறகு மேட்டில் ஏறும் லாரி மாதிரி முக்கியது ஒலிப்பதிவு.

"கவனிங்க சிஸ்டர், இந்த இடத்துல ஒரு இழுப்பு வரும் பாருங்க, அது..." என்றார் நீதிபதி. இழுப்பு வந்தது. அவர் இல்லை.

கண் விழித்தபோது ஜன்னல் இருந்தது, ஜன்னலில் வெயில் இருந்தது. கட்டிலோடு தூக்கி வார்டுக்குக் கொண்டுவந்தும் அவர் அசையவில்லையாம். கம்பி வெறும் கம்பியாக நின்றது. புத்தி கண்ணாடி போல் இருந்தது.

தெளிந்த புத்தியின் முதல் வேலையாக மனைவியைக் கூப்பிட்டார். பார்வையிட வந்த டாக்டர், நர்ஸ், மகள் எல்லோரும் சாட்சியாக நிற்க, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"உன் தண்டனையை ரத்து பண்றேன். வீட்டுக்குப் போனதும் நீ என் ரூம்லயே படு. உன் குறட்டைதான் எனக்கு மருந்துன்னு நிரூபணமாயிடுச்சு."

ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த அவள் கை நின்றது. "அந்தத் தண்டனையே இருந்துட்டுப் போகட்டுங்க."

"கருணை காட்டும்போது குறுக்கே பேசாதே. இன்னிக்கே உன் கட்டிலை மாத்தச் சொல்லிடறேன்."

அவள் டாக்டரைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். பிறகு ஒரு சுளையை அவர் கையில் வைத்தாள்.

"ஏங்க, நீங்க அதைப் பதிவு பண்ண அன்னிக்குத்தான் என் தங்கச்சி பொண்ணுக்கு வலி எடுத்துடுச்சுன்னு போன் வந்துச்சு. நீங்க அசந்து தூங்கிட்டிருந்தீங்களேன்னு எழுப்பாம கிளம்பிப் போயி, நீங்க காபி கேக்கறதுக்குள்ள வந்துட்டேன்."

"அதனாலென்ன?" என்றார் நீதிபதி.

"அந்த ராத்திரி வீட்ல நீங்க மட்டும்தாங்க இருந்தீங்க."